மூணாவது வகை

என் பெயரைக் கேட்பதற்கு முன்பே அந்த அக்கா எனக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். பழம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அது. மேனாம்பேட்டில் நான் அறை எடுத்திருந்த தெருமுனைக்குக் கம்பெனி வேன் வந்து நின்றது. கதவைத் திறந்தால் தரையில் புத்தம் புது விரிப்பு. ஒரு பொட்டு அழுக்கு இல்லை. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பெட்டியோடு வந்து இறங்கி மூன்று நாள்கூட ஆகாதவன் நான். என்ன தோன்றியதோ, ஷூவைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

முன் சீட்டு ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "இன்னா தம்பி, ஷூவ கயட்டிகினு ஏறுற? வேன் இன்னா கோயிலா?"

"இல்லக்கா, புதுசா இருக்கேன்னு..."

அக்கா பின்பக்கம் திரும்பி எல்லோருக்கும் அறிவித்தார். "எழுதிக்குங்கப்பா. பழம். கலப்படமே இல்லாத பழம்."

வேன் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. தன்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று தெரிந்தும் கூடச் சேர்ந்து சிரிப்பவன்தான் பழம் என்று அக்கா பிறகு ஒருநாள் விளக்கினார்.

மெட்ராஸ்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பழம் என்றால் முட்டாள் இல்லை, கெட்டவன் சத்தியமாக இல்லை. ரொம்ப நல்ல பிள்ளை. ஆனால் நாலு பேர் பார்க்கும்போது பக்கத்தில் நிற்க நமக்கு வெட்கமாக இருக்கும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கும் வேலை. அக்காதான் எங்கள் டீமுக்குத் தலைவி. ஆறு மாதம் பார்ப்பார்கள், அக்கா எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரம். எழுதிக் கொடுக்காவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். "நிரந்தரம் ஆகலைன்னா நேரா கிளம்பி வந்துரு. மாவு மில்லுல உக்காரு" என்று அப்பா பஸ் ஏற்றும்போதே சொல்லியிருந்தார். மாவு மில்லில் உட்காருவதைத் தவிர உலகத்தில் எது வேண்டுமானாலும் செய்வதாக நான் இருந்தேன். ஆக, என் தலையெழுத்து அக்கா கையில். அக்கா கணக்கிலோ நான் பழம்.

இந்த வகை பிரிக்கிற கலையை அக்கா எங்கிருந்தோ இறக்குமதி செய்யவில்லை. அவருக்கு அது சுபாவம். ஒருநாள் வீடியோ காலில் அமெரிக்க அம்மாள் ஒருத்தி, தன் ஆபீஸில் நெர்ட், கீக், டோர்க் மூன்று ஜாதியும் உண்டு என்று சொல்லிக் கெக்கெக்கே என்று சிரித்தாள். நாங்களும் மரியாதைக்குச் சிரித்து வைத்தோம். கால் முடிந்ததும் ஆரம்பித்தது வாக்குவாதம். மூன்றும் ஒன்றுதான் என்றான் ஒருவன். முதல் இரண்டும் ஒன்று, கடைசி திட்டு என்றான் இன்னொருவன். செல்போனில் தேடிப் பார்த்தவன் இன்னும் குழம்பினான்.

அக்கா டீயை உறிஞ்சிக்கொண்டே தீர்ப்பு சொன்னார். "அட இன்னாப்பா, இதுக்குப் போயி. நம்மகிட்ட இல்லாததா? நெர்டுன்னா படிப்ஸ். கீக்குன்னா வெறி. மூணாவது, பழம். கரண்டு போச்சின்னு வெச்சிக்கோ. படிப்ஸு செல்லுல லைட்டப் போட்டுகினு விட்ட எடத்துலேந்து படிக்கும். வெறி, இன்வெர்ட்டர கயட்டிப் போட்டுகினு உக்காந்துக்கும். பழம் இன்னா பண்ணும் தெரியுமா? பக்கத்துல கீறவன்கிட்ட, 'கரண்டு போயிடுச்சுங்களா'ன்னு கேக்கும்."

நான் ஒரு வாரத்துக்கு முன்னால் அப்படியே கேட்டிருந்தேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

பிரியாணிக்கும் அவரிடம் ஒரு பரீட்சை இருந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் படிப்ஸ் எல்லாருக்கும் சமமாகப் பங்கு போடும். வெறி, இது சீரகச் சம்பாவா பாசுமதியா, விறகா கேஸா என்று சாப்பிடாமலே பேசும். பழம், முட்டையைக் கடைசியில் ஆசையாகச் சாப்பிடலாம் என்று ஓரமாக ஒதுக்கி வைக்கும். எவனாவது எடுத்து வாயில் போட்டுக்கொண்டு போய்விடுவான். "தெரிஞ்சதக் கேட்டா சொல்றவன் படிப்ஸு. கேக்காங்காட்டியும் சொல்றவன் வெறி. பழத்துக்குத் தெரியாது. தனக்குத் தெரியலன்னும் தெரியாது." இதை அவர் சொல்லும்போது வேனில் யாரும் மூச்சு விடமாட்டார்கள். அப்படி ஒரு தோரணை.

எங்கள் வேனில் மூன்று வகையும் இருந்தது. கடைசி சீட்டில் ஒரு பெண், எப்போதும் ஏதோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டே வருவாள். அவள் படிப்ஸ். இன்னொருவன் பஸ் வெறியன். பின்னால் வருகிற பஸ்ஸைத் திரும்பிப் பார்க்காமலே ஹாரனை வைத்து எந்த டிப்போ என்று சொல்வான். அவனுக்கு அக்காவிடம் தனி மரியாதை உண்டு. மூன்றாவது வகைக்கு நான் ஒருத்தன் போதும் என்று டிரைவர் அண்ணாத்தே சொல்வார்.

எப்படியாவது மேல் வகுப்புக்குப் போய்விட வேண்டும் என்று எனக்கு ஒரு தவிப்பு. படிப்ஸ் ஆகிற மூளை இல்லை என்று பத்தாம் வகுப்பிலேயே தெரிந்துவிட்டது. வெறியாவது ஆகலாமே என்று யோசித்தேன். கம்ப்யூட்டர் கீபோர்டில் ஒரு ரகம் இருக்கிறது, தட்டினால் டக் டக்கென்று தட்டெழுத்து மெஷின் போலச் சத்தம் வரும். அதற்கென்றே உயிரை விடுகிற கூட்டம் ஒன்று உண்டு. நானும் ஒன்று வாங்கினேன். இரண்டு இரவு உட்கார்ந்து வீடியோ பார்த்துச் சில வார்த்தைகளையும் மனப்பாடம் செய்துகொண்டு, ஆபீஸில் கொண்டுபோய் மாட்டி, பெரிய வித்வான் மாதிரித் தட்ட ஆரம்பித்தேன்.

அக்கா எழுந்து வந்து என் பின்னால் நின்றார். "இன்னா தம்பி இது, ஆபீஸ்ல பொரி வறுத்துகினு கீற?"

"மெக்கானிக்கல் கீபோர்டுக்கா. எனக்கு இதுல ஒரு வெறி."

"எப்பலேந்து?"

"ரொம்ப நாளாக்கா. சின்ன வயசுலேர்ந்தே."

"அப்ப அந்த ஸ்டிக்கரக் கயட்டலியே இன்னும்."

விலைச் சீட்டு கீபோர்டின் தலையில் பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தது. "மாதா மேல சத்தியமா சொல்றேன் தம்பி, வெறிய கடையில விக்க மாட்டான். பழம் கீபோர்டு வாங்கிகினு வந்தா, அது கீபோர்டு வெச்சிருக்கிற பழம். அவ்ளோதான்." அன்றைக்கு எனக்கு நிலத்தில் புதைந்துவிடலாம் போல இருந்தது. கீபோர்டு இன்னும் என் பீரோ மேல் தூசி படிந்து கிடக்கிறது.

இவ்வளவு சொன்னதால் அக்கா பொல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். வாய்தான் அப்படி. கடைசி சீட்டுப் பெண் ஒரு பெரிய பில்லில் தப்பு செய்து, மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளைப் பார்த்துக் கத்தியபோது, "நான் பாத்து அனுப்புன பில்லு சார் அது. கத்தறதுன்னா எங்கிட்ட கத்துங்க" என்று குறுக்கே போய் நின்றவர் அக்காதான். அந்த பில்லை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

அப்புறம் அந்தப் பை. அக்கா தோளில் ஒரு பெரிய பை தொங்கும். அதில் இல்லாதது இல்லை. இரண்டு குடை, டார்ச், ஊக்கு, தலைவலி மாத்திரை, சித்திரை வெயிலிலும் ஒரு ஸ்வெட்டர். தயிர் சாதம் ஒரு டப்பா, அதற்குள் ஊறுகாய் கலந்துவிடாமல் இருக்கத் தம்மாத்தூண்டு இன்னொரு டப்பா. ஸ்பூன் தொலைந்தால் என்ன செய்வது என்று இரண்டு ஸ்பூன். யார் எதைக் கேட்டாலும் பையிலிருந்து வரும். "எங்கம்மா வெச்சு அனுப்புது. அது ஒரு பழம்" என்பார். கொஞ்சம் எரிச்சலோடுதான் சொல்வார். எனக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தப் பையிலிருந்துதான் மாத்திரை வந்தது. மறுநாள் வேனில், பிளாஸ்கில் சுடச்சுடக் கஞ்சியும் வந்தது. "எங்கம்மாகிட்ட சொன்னேன், குடுத்து விட்டுச்சு" என்றார். ஊரை விட்டு வந்தபிறகு வயிறு குளிர நான் சாப்பிட்டது அந்தக் கஞ்சிதான்.

வீட்டுக்காரரைப் பற்றிப் பேசினால் மட்டும் அக்கா முகமே வேறு. அவர் மஸ்கட்டில் ஆயில் கம்பெனி இன்ஜினியர். "எங்க ஊட்டுக்காரர் மாதிரி ஒரு வெறிய நீங்க பாத்துருக்கவே மாட்டீங்க. கல்யாணமான புதுசுல எங்க அண்ணன் ஊட்டு ஏசிய நடு ராத்திரில பிரிச்சுப் போட்டுகினு உக்காந்துட்டாரு. விடியசொல்ல திரும்பப் பூட்டி, முன்னவிட சில்லுனு ஆக்கிட்டாரு." இந்த மாதிரி நிறையக் கதைகள். பஸ் வெறியன் வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். எதற்கெடுத்தாலும் மாதா மேல் சத்தியம் செய்கிற அக்கா, மஸ்கட் கதைகளுக்கு மட்டும் ஒரு தடவைகூடச் சத்தியம் செய்ததில்லை. இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சாயங்காலம் அக்காவை இறக்கிவிட வேன் அண்ணனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். டிரைவர் அண்ணாத்தே தெருவுக்குள் விடுகிறேன் என்பார். "வேணாம், சந்து குறுகலா கீது, திருப்ப முடியாது" என்று அங்கேயே இறங்கிக்கொள்வார். வேன் கிளம்பிக் கண்ணை விட்டு மறையும்வரை நகரமாட்டார் என்று கடைசியில் இறங்குகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு ஆறு மாதம் முடிய இன்னும் ஒரு மாதம் இருந்தபோது அந்த மழை பிடித்தது. எஸ்டேட் முழுக்க முழங்கால் தண்ணீர். வேன் வராது என்று சொல்லிவிட்டார்கள். நாங்கள் சிலர் பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்கு நடந்தோம். வழியில் பள்ளம் தெரியாமல் காலை வைத்து அக்கா விழுந்தார். ஒரு செருப்பு தண்ணீரோடு போய்விட்டது. கணுக்கால் வீங்கி, போனும் நனைந்து செத்துவிட்டது. ரயிலில் அக்காவையும் என்னையும் தவிர எல்லோரும் அம்பத்தூரில் இறங்கினார்கள். நானும் அங்கேதான் இறங்க வேண்டும். ஆனால் ஒற்றைச் செருப்போடு நொண்டுகிற அக்காவை எப்படி விட்டுப் போவது?

"நீ எறங்கு தம்பி. நான் பூடுவேன்" என்றார்.

"இல்லக்கா, அண்ணனூர் வரைக்கும் வர்றேன்."

"சொன்னா கேளு. எறங்கு." கோபமாகவே சொன்னார். நான் அசையவில்லை. உபகாரம் செய்கிறோம் என்ற நினைப்பு எனக்கு.

அண்ணனூர் பிளாட்பாரத்தில் ஒரு ஆள் நின்றிருந்தார். மழைக்கோட்டு போட்டு, அதன்மேல் குடை பிடித்து, தலையில் ஹெல்மெட்டும் மாட்டியிருந்தார். ஸ்டேஷனில் எதற்கு ஹெல்மெட்? கழுத்தில் ஒரு துண்டு, அது நனையாமல் இருக்க அதன்மேல் ஒரு பாலிதீன் கவர். ரயில் நிற்பதற்குள் பெட்டி பெட்டியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே ஓடி வந்தார். அவரைப் பார்த்த நொடியில் என் மனசு என்ன சொன்னது தெரியுமா? ஆகா, பழம்! என்னைவிடப் பெரிய பழம்! ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அவர் எங்களிடம்தான் வந்தார். அக்காவின் வெறுங்காலைப் பார்த்தார். கையிலிருந்த கவரைப் பிரித்தார். உள்ளே ஒரு ஜோடி செருப்பு. அக்காவின் செருப்பு. மழையில் செருப்பு போனாலும் போகும் என்று முன்கூட்டியே யோசித்து எடுத்து வந்திருக்கிறார். அங்கேயே ஈரத்தில் குந்தி உட்கார்ந்து அக்காவின் காலடியில் எடுத்து வைத்தார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, மளமளவென்று சொன்னார். "இவரு எங்க பக்கத்து ஊட்டு அண்ணன். எங்க ஊட்டுக்காரர்தான் மஸ்கட்ல கீறாரே, அதான் எங்கம்மா இவர அனுப்பி வெச்சிருக்கு."

குந்தியிருந்தவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிவிட்டு, மெதுவாக எழுந்தார்.

"ஆமா தம்பி" என்றார். "பக்கத்து வீடுதான். அவரு... மஸ்கட்ல."

அத்தோடு போயிருந்தால் நானும் நம்பியிருப்பேன். நான்தான் பழமாயிற்றே. ஆனால் படிக்கட்டுக்குக் கீழே டீக்கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டார். "இன்னா அண்ணாத்தே, அண்ணி வந்துட்டாங்களா? மத்தியானத்துலேந்து ஒவ்வொரு வண்டிக்கும் ஓடிகினு கீறாருமா உங்க ஊட்டுக்காரரு. டீகூட குடிக்கல. நல்லா நாலு கேள்வி கேளும்மா."

மூன்று பேரும் நின்றுவிட்டோம். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அவர் காது மடல் சிவந்துபோயிருந்தது. ஊரையே வகை பிரித்த அக்காவை அப்படிப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொள்ளலாம் என்றால் எந்தப் பக்கம் திரும்புவது என்றும் தெரியவில்லை.

ஹெல்மெட் அண்ணன்தான் முதலில் பேசினார். "அந்த டீக்கடைக்காரர் எல்லாரையும் அப்படித்தான் சொல்லுவாரு தம்பி. யார் யாரோட வந்தாலும் அண்ணிம்பாரு. விளையாட்டுப் பேர்வழி." சொல்லிவிட்டு, அபாயம் தாண்டிவிட்டது என்ற நிம்மதியில் முகம் மலர்ந்து கேட்டார். "ஜுரம் வந்த தம்பி நீங்கதானே? இப்ப தேவலாமா? அன்னைக்குக் கஞ்சியில உப்பு சரியா இருந்துச்சா?"

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுண்ணே" என்றேன். வேறு என்ன சொல்ல? அவர் தன் தோள்பையிலிருந்து இன்னொரு குடையை எடுத்து என்னிடம் நீட்டினார். கூட யாராவது வந்தால் வேண்டியிருக்கும் என்று கொண்டுவந்தாராம். அவர்கள் இரண்டு பேரும் படி இறங்கினார்கள். அக்கா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினார். பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டுமே என்று அவர் ஒரு அடி தள்ளியே நடக்கப் பார்த்தார். தள்ளி நடந்தால் அக்கா விழுவார். தவித்தபடியே போனார்.

மறுநாள் அக்கா வேனில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் ஏறினேன். குடையைத் திருப்பிக் கொடுத்தேன். "எங்கம்மாவோடதுதான்" என்று வாங்கிக்கொண்டார். சில நாள் கழித்து ஒரு புதுப் பையன் வேனில் ஏறி, சீட் பெல்ட்டைத் தேடோ தேடு என்று தேடினான். பஸ் வெறியன் ஆசையாகக் கேட்டான். "அக்கா, இது எந்த வகை?"

அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியலப்பா" என்றார். அதற்குப் பிறகு அவர் யாரையும் வகை பிரித்து நான் கேட்கவில்லை. வேன் பயணம் ரொம்ப நீளமாக இருந்தது.

அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமானது. அக்கா என்னைப் பற்றி ரொம்ப உயர்வாக எழுதியிருப்பதாக மேனேஜர் சொன்னார். என்னோடு சேர்ந்த இன்னொருத்தனுக்குத் தள்ளிப்போட்டார்கள். அவன் என்னைவிட நன்றாக வேலை செய்பவன். அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். என் வேலைக்காக எழுதினாரா, நான் வாயை மூடிக்கொண்டதற்காக எழுதினாரா? கேட்கிற தைரியம் வரவில்லை. கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயமும் உள்ளூர இருந்தது. மாவு மில் கண் முன்னால் வந்து நின்றது. பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

பால்கோவா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தேன். அக்கா ஒரு துண்டு எடுத்துக்கொண்டு, "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"சொல்லிட்டேன்க்கா. இன்னொன்னு எடுத்துக்கோங்க. அண்ணனுக்கு."

"எந்த அண்ணனுக்கு?"

"பக்கத்து வீட்டு அண்ணனுக்கு."

அக்கா என் முகத்தையே பார்த்தார். பிறகு இன்னொரு துண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பைக்குள், இரண்டு ஸ்பூன் பக்கத்தில், பத்திரமாக வைத்துக்கொண்டார். அந்தப் பொய்யில் நானும் அன்றைக்குப் பங்காளியாகிவிட்டேன்.

அந்தக் கம்பெனியை விட்டு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது பாடிக்குப் பக்கத்தில் வேலை, மேனாம்பேட்டிலேயே சொந்த ஃபிளாட். போன மாதம் பாடி மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். நல்ல வெயில். எதிரே ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ஒருவர் நடந்து வந்தார். பக்கத்தில் வண்டி எதுவும் இல்லை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

அவரும் என்னைப் பார்த்தார். "கஞ்சித் தம்பி!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். உடனே ஏதோ ஞாபகம் வந்தவராகக் கையை விட்டு, ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "நான் அவங்களோட பக்கத்து வீடு தம்பி. நினைவிருக்கா?"

எனக்கு அன்றைக்கே தெரியும் அண்ணே, போதும் அண்ணே என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால், இத்தனை வருஷமாக அவர் சுமந்துவந்ததை நடுரோட்டில் பிடுங்கிப் போட்ட மாதிரி ஆகிவிடும்.

"நல்லா நினைவிருக்குண்ணே. அக்கா சௌக்கியமா?"

"ரொம்ப சௌக்கியம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, பெருமை தாங்காமல் சொன்னார். "அவங்க வீட்டுக்காரரும் மஸ்கட்லேருந்து வந்துட்டாரு தம்பி. இனிமே போக மாட்டாராம். அவங்களே வேணாம்னுட்டாங்க. இப்பல்லாம் வேன் தெருவுக்குள்ளயே வருது. வாசல்ல அவருதான் போய் நின்னு கூட்டிட்டு வர்றாரு."

என்னால் அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை. ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "நான் விசாரிச்சேன்னு அவர்கிட்ட சொல்லுங்கண்ணே."

"கண்டிப்பா சொல்றேன் தம்பி" என்றார். "ரொம்ப சந்தோஷப்படுவாரு."